காசினிக் கீரை: பெயரும் பயணமும்

'காசினி' என்னும் சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் உலகம் என்று பொருள் கூறும். சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் காசினிக் கீரைக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு கிடையாது. கீரையின் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. 'காஸ்னீ' என்று பாரசீகத்தாரும், அவர்களைப் பின்பற்றிய யூனானி ஹகீம்களும் வழங்கிய பெயர் தமிழர் நாவில் காசினி ஆயிற்று. அரபியர் இதனை 'ஹிந்தபா' என்பர். ஆங்கிலத்தில் இதன் பெயர் சிக்கரி.

நீலப் பூப் பூக்கும் இந்தக் காசினிக்கு மஞ்சள் பூப் பூக்கும் தங்கை ஒன்று உண்டு. அதுவே டேண்டலியன். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டின் இலையும் கைக்கும். இரண்டையும் கிள்ளினால் பால் வடியும். இன்று டேண்டலியன் வேரின் தூள் குளிகைகளாகவும், இலை தேநீர்ப் பொட்டலங்களாகவும் நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. கல்லீரலைத் துலக்கும், சிறுநீரகத்தைக் காக்கும் என்ற விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, 'இதை நம் வீட்டுத் தோட்டத்திலேயே வளர்க்கலாமா?' என்று தேனி, கம்பம் பகுதிக் குடும்பங்களில் கேட்பவர்கள் உளர்.

கேள்வி சிறியது. ஆனால் அதற்கு விடை தேடிப் புறப்பட்டால், ரய் நகரிலிருந்து புகாரா வழியாக ஸ்பெயின் வரைக்கும் நாம் சென்று திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த நெடும்பயணத்தின் முடிவில் நமக்குக் கிடைப்பது வெறும் தோட்டக் குறிப்பன்று. முன்னோர் தந்த அறிவை எப்படிப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடமும் ஆகும்.

பள்ளத்தாக்கும் மலையும்

முதலில் நம் மண்ணைப் பார்ப்போம். மேற்கே ஏலமலைகள், கிழக்கே வருசநாட்டு மலைகளும் மேகமலையும், வடக்கே பழனிமலைத் தொடர். இவற்றுக்கு இடையே கிடப்பதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை இதன் தலையெழுத்தை மாற்றியது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் பெயரை இங்குள்ள மக்கள் இன்றளவும் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழ்கின்றனர். சுமார் 14,700 ஏக்கர் நிலம் இருபோகம் விளையும் வயலாயிற்று. நெல்லோடு தென்னையும் வாழையும் பன்னீர்த் திராட்சையும் செழித்தன. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்பகுதியின் ராவுத்தர் குடும்பங்களுக்கு மலையும் பள்ளத்தாக்கும் இரு வீடுகள் போன்றவை. குமுளி, வண்டன்மேடு, பீர்மேடு என மலைமேல் ஏலமும் மிளகும் காப்பியும் பார்த்து, கீழே கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் குடியிருந்தவர்கள் அவர்கள். ஆகவே, மலையில் விளைவது பள்ளத்தாக்கில் விளையாது என்ற உண்மையை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

டேண்டலியன் விஷயத்திலும் அதுவே விடை. அது குளிர்நாட்டுச் செடி. கடல் மட்டத்துக்குச் சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ள கம்பத்தின் வெயில் அதற்கு ஒவ்வாது. ஆனால் 2,100 மீட்டருக்கு மேற்பட்ட கொடைக்கானலில் அது புல்வெளிக் களையாகவே பரவியிருக்கிறது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் அங்கே குடியேறத் தொடங்கிய பிறகு, மேல்நாட்டுக் காய்கறிகளும் பூச்செடிகளும் ஏராளமாக வந்து சேர்ந்தன. அவற்றோடு அழையா விருந்தாளிகளாகக் களைகளும் வந்தன. இவ்வாறு வந்து குடியேறிய அயல்நாட்டுச் செடிகளுக்கென்றே, தாவரவியலறிஞர் கே. எம். மத்தேயு பாதிரியார் 1969-இல் தனிநூல் ஒன்று எழுதும் அளவுக்கு அவை அங்கே பெருகிவிட்டன.

பள்ளத்தாக்கின் வரப்புகளில் டேண்டலியன் என்று பலர் காட்டுவது உண்மையில் வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூவிலும் நடுவே மஞ்சள் உண்டு; விதையும் பஞ்சுபோல் காற்றில் பறக்கும். ஆனால் அதன் தண்டும் இலையும் மயிரடர்ந்தவை. கிள்ளினால் பால் வராது. டேண்டலியனுக்கு இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். இலையற்ற, உள்ளே குழலான காம்பின் நுனியில் ஒரே ஒரு பூ நிற்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் கண்டதைப் பறித்துக் கஷாயம் வைப்பது ஆபத்து.

காப்பிக் குவளையில் காசினி

தங்கை வர மறுத்தாலும் தமக்கை எப்போதோ நம் வீட்டுக்குள் வந்துவிட்டாள். நம் வீடுகளில் காலையில் இறக்கும் வடிகட்டிக் காப்பியில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கிறது. அந்தச் சிக்கரி வேறொன்றுமில்லை. காசினிச் செடியின் வேரை உலர்த்தி வறுத்து அரைத்த பொடிதான். 1806-இல் நெப்போலியன் ஆங்கிலேயருக்கு எதிராகக் கடல் வாணிகத்தைத் தடுத்தபோது, ஐரோப்பாவில் காப்பிக்கொட்டைக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அதை ஈடு செய்ய வந்த காசினி வேர், பஞ்சம் தீர்ந்த பின்னரும் மக்களின் நாவை விட்டுப் போகவில்லை. டேண்டலியன் வேரையும் இவ்வாறே வறுத்துக் குடித்தவர்கள் உண்டு. இந்தியாவில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இதற்கெனக் காசினி பயிராகிறது. காப்பியும் சிக்கரியும் கலந்து விற்பதில், காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அதாவது, மீதி 49 பங்கு வரை காசினியாக இருக்கலாம். மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வீட்டாரும் இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

பெயர் சென்ற வழி

தமக்கையும் தங்கையும் உறவினர் என்பதை இன்றைய தாவரவியல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் மருத்துவ மேதைகள் அதனை அறிந்திருந்தனர். ரய் நகரில் பிறந்த அர்ராஸீயும் (865–925), புகாராவுக்கு அருகில் பிறந்த இபுனு சீனாவும் (980–1037) தம் நூல்களில் 'தரக்‌ஷகூன்' என்ற செடியைக் குறித்துள்ளனர். அதனை ஹிந்தபாவின் காட்டு வகையாகவே அரபு மருத்துவ நூல்கள் கொண்டன. கசப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல் ஒன்று அந்தப் பெயருக்குள் மறைந்திருப்பதாக மொழியறிஞர் கருதுவர். பின்னர், ஸ்பெயினின் மலாகாவில் பிறந்து 1248-இல் திமிஷ்கில் மறைந்த இபுனுல் பைத்தார், சுமார் 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தபோது, தமக்கு முற்பட்டோர் கூற்றுகளைப் பெயர் சுட்டி எழுதி, தாம் நேரில் கண்டறிந்ததையும் சேர்த்து வைத்தார்.

ஸ்பெயினின் துலைத்துலா நகரில், கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெரார்டு (1114–1187) என்பவர் இபுனு சீனாவின் 'அல்கானூன்' பெருநூலை இலத்தீனில் பெயர்த்தார். பல செடிகளுக்கு இலத்தீனில் பெயர் தேட முடியாத இடங்களில் அரபுப் பெயரையே எழுதிக்கொள்வது அக்கால மொழிபெயர்ப்பாளர் வழக்கம். தரக்‌ஷகூனும் அவ்வாறே ஐரோப்பிய மருந்துக்கடைக்குள் நுழைந்தது. 1753-இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு அறிவியற்பெயர் வைத்தபோது அந்தச் சொல்லையும் சேர்த்துக்கொண்டார். 1780-இல் இச்செடி தனிப் பேரினமாக வகுக்கப்பட்டபோது, 'டராக்ஸாகம்' என்பதே அதன் முதற்பெயராயிற்று. இன்று உலகின் எந்தத் தாவரவியல் நூலைத் திறந்தாலும் அந்தப் பெயர்தான். 'டேண்டலியன்' என்பதோ, இலையின் பல்வடிவைக் கண்டு பிரெஞ்சுக்காரர் வைத்த 'சிங்கப்பல்' என்னும் நாட்டு வழக்கின் திரிபு.

பெயர் மேற்கே சென்றது போல் உணவு கிழக்கே நிலைத்தது. காஷ்மீரத்தில் டேண்டலியன் இலையை 'ஹந்த்' என்பர். பனி உருகியதும் பெண்கள் கழனிகளில் அதனைப் பறிப்பர். பனிக்காலத்துக்கென்று உலர்த்தியும் வைப்பர். பிள்ளை பெற்ற தாய்க்குச் சமைத்துக் கொடுப்பர். மேல்நாட்டார் புல்வெளியில் களையென்று பிடுங்கி எறிவதை, அந்தத் தாய்மார்கள் பத்தியமாகப் போற்றுகின்றனர். செடி ஒன்றே, அதனைக் களையாக்குவதும் கீரையாக்குவதும் நம் அறிவுதான்.

தென்னாட்டிலும் இவ்வறிவுக்கு உழைத்தவர் ஒருவர் உண்டு. சென்னை திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய கான் பகதூர் முகைதீன் ஷெரீப், 1869-இல் இந்திய மருந்து நூலுக்கு ஓர் இணைப்பு நூல் வெளியிட்டார். ஒரே மருந்துக்கு அரபு, பாரசீகம், தக்கணி, தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளில் வழங்கிய பெயர்களை ஒப்பிட்டுக் காட்டுவதே அதன் தலையாய பணி. ஒரு பெயரில் பல சரக்குகளும், ஒரே சரக்கு பல பெயர்களிலும் கடைத்தெருவில் விற்கப்பட்டதால் நோயாளி அடைந்த துன்பத்தை அவர் நன்கு அறிவார். அவருடைய 'சென்னை மருந்துப் பொருள் நூல்' அவர் மறைவுக்குப் பின் 1891-இல் அச்சேறியது. வெட்டுக்காயப் பூண்டை டேண்டலியன் என்று நம்பும் இக்காலத்துக்கும் அவர் தேவைப்படுகிறார். யூனானி மருத்துவத்துக்கென்று சென்னையில் அரசினர் கல்லூரி 1979-இல் தொடங்கப்பட்டது. காசினி விதை சேர்ந்த ஷர்பத் பஸூரியும், காசினி வடிநீரான அரக்கே காஸ்னீயும் யூனானி மருந்துகளில் இன்றும் வழக்கிலுள்ளன.

கழுவலாமா, கூடாதா?

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். காசினியைக் கழுவாமல் உண்ண வேண்டும் என்ற ஒரு பழங்கருத்து யூனானி மரபில் வழங்கி வருகிறது. இதற்கு மருத்துவம், மார்க்கம் ஆகிய இரு வழியிலும் ஆதாரம் காட்டுவோர் உண்டு.

மருத்துவ ஆதாரம் இபுனு சீனாவினுடையது. ஹிந்தபாவைப் பற்றித் தனிச் சிறுநூலே எழுதியவர் அவர். இலையின் பயனுள்ள நுண்பொருள் அதன் மேற்பரப்பில் பரவிக் கிடக்கிறது, கழுவினால் அது நீரோடு போய்விடும் என்பது அவர் கருத்து. மார்க்க ஆதாரமாகக் காட்டப்படுவது, அக்கீரையின் மீது நாள்தோறும் சுவனத்தின் நீர்த்துளி விழுகிறது, எனவே அதை உதறாமல் உண்ணுங்கள் என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் மீது ஏற்றிச் சொல்லப்படும் அறிவிப்பு.

இந்த அறிவிப்பின் நிலை என்ன? திமிஷ்கின் பேரறிஞர் இபுனுல் கையிம் (ரஹ்) அவர்கள் (1292–1350) நபிவழி மருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதியவர்கள். நபிமொழியில் வந்த உணவுகளை அன்போடு போற்றிய அவர்களே, ஹிந்தபாவைப் பற்றி வழங்கும் மூன்று அறிவிப்புகளும் ஆதாரமற்றவை, இட்டுக்கட்டப்பட்டவை என்று அறுதியிட்டுக் கூறிவிட்டார்கள். அதேவேளையில், அக்கீரையின் மருத்துவப் பயன்களை மறுக்காமல் அடுத்துத் தொடர்ந்து விளக்கவும் செய்தார்கள். கீரை நல்லதுதான், ஆனால் அதன் பெருமைக்காக நபிகளாரின் பெயரில் இல்லாததைச் சொல்லக் கூடாது. இந்த நேர்மையை நாம் எண்ணி எண்ணி வியக்கிறோம். இன்று எந்தப் பச்சிலையை விற்பவரும் அதன் உறைமேல் நபிவழி மருத்துவம் என்று அச்சிட்டுவிடுகிற காலத்தில், எழுநூறு ஆண்டுக்கு முந்திய அந்தக் கண்டிப்பு நமக்கு மிகவும் தேவை.

மருத்துவக் கருத்தையும் நம் மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். இபுனு சீனா காலத்துத் தோட்டத்தில் இலைமேல் படிந்திருந்தது தூசியும் பனியுமே. கம்பம் பள்ளத்தாக்கின் நிலை அதுவன்று. திராட்சைப் பந்தலுக்குக் கவாத்து செய்தது முதல் குலை பழுக்கும் வரை பலமுறை மருந்து தெளிக்கிறார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை 1885-இல் பிரான்சில் வெளியானது. அன்று தொடங்கிய தெளிப்பு இன்று எத்தனையோ இரசாயனங்களாகப் பெருகிவிட்டது. மலைமேல் ஏலத்தோட்டங்களிலும் இதே கதை. பந்தலில் அடிக்கும் மருந்து காற்றில் பறந்து வரப்புக் கீரையிலும் படிகிறது. இந்த நிலையில் கழுவாமல் உண்பது மருந்தையன்று, நஞ்சை உண்பதாகும். செடிக்குள் ஊடுருவும் மருந்துகளோ கழுவினாலும் போகமாட்டா. ஆகவே, திராட்சைத் தோட்டத்து வரப்பிலும் சாலையோரத்திலும் கீரை பறிப்பதை விட்டுவிட்டு, வீட்டிலேயே வளர்ப்பதுதான் வழி. வீட்டுக் கீரையையும் ஓடும் நீரில் நன்கு அலசியே சமைக்க வேண்டும்.

இவ்வாறு செய்வது இபுனு சீனாவை அவமதிப்பதாகுமா? ஆகாது. மருந்தின் குணத்தைச் சோதித்தறிய இன்னின்ன நிபந்தனைகள் வேண்டும் என்று அல்கானூனிலேயே வகுத்துக் கொடுத்தவர் அவர். அவருடைய முடிவை நம் காலத்தில் சோதித்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

வீட்டில் வளர்க்கும் முறை

காசினி வளர்க்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டா. ஒரு சாண் ஆழமுள்ள தொட்டிகள் இரண்டு இருந்தால் சிறு குடும்பத்துக்கு இடையிடையே சமைக்கப் போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பி, தண்ணீர் வடிய அடியில் துளையிட வேண்டும். பள்ளத்தாக்கில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே விதைக்க ஏற்ற காலம். அடைமழை நேரடியாக விழாதபடி சில நாட்கள் காக்க வேண்டும். விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லிய மண்போர்வை இட்டு, பூவாளியால் நீர் தெளிக்கலாம். முளைத்த பின் நெருக்கமானவற்றைக் களைந்து, செடிக்குச் செடி அரைச்சாண் இடைவெளி விட வேண்டும். ஏறத்தாழ ஐம்பது நாளில் வெளி இலைகளை மட்டும் பறிக்கத் தொடங்கலாம். நடுக்குருத்தை விட்டுவைத்தால் மீண்டும் மீண்டும் தழைக்கும். பங்குனி வெயில் ஏறியதும் தண்டு நீண்டு பூ எடுக்கும், கைப்பும் மிகும். அப்போது ஒன்றிரண்டு செடிகளை நீலப் பூவுக்காகவும் விதைக்காகவும் விட்டுவைக்கலாம். மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் ஐயம் எழுந்தால், பெரியகுளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது.

மலைமேல் வீடுள்ளவர்கள் டேண்டலியனையும் வளர்க்கலாம். அதன் விதைக்கு ஒளி வேண்டும். மண்ணால் மூடாமல் மேலேயே தூவ வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் ஆழமான பாத்தி தேவை. இலையைப் பூப்பதற்கு முன் பறிப்பது நல்லது. பறிப்பதற்குச் சில நாட்கள் முன்னதாகச் செடியைக் கூடையால் கவிழ்த்து மூடினால் வெளிறிக் கைப்புக் குறையும். ஒன்றை மறக்கலாகாது: இதன் விதை மகரந்தச் சேர்க்கை இன்றியே பெரும்பாலும் உண்டாகும். பூவை விதையாக விட்டுவிட்டால் காற்று அதனை அண்டை வீட்டாரின் தோட்டத்திலும் காட்டிலும் கொண்டு சேர்க்கும். சோலைக்காடுகள் உள்ள மலையில் அது சரியன்று. பூ முற்றுமுன் கிள்ளிவிட வேண்டும்.

சமையலில் பாசிப்பருப்பே இக்கீரைக்குத் துணை. பருப்போடு வேகவைத்து, தேங்காய்ப்பால் சிறிது விட்டு இறக்கினால் கைப்பு அடங்கும். பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். பாகற்காயைப் பழகிய நாவு இதையும் பழகிவிடும்.

மருந்தென்று எண்ணி அளவு மீறுவோருக்கு ஓர் எச்சரிக்கை. டேண்டலியன் இலை சிறுநீரைப் பெருக்கும். அதில் பொட்டாசியச் சத்து மிகுதி. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அதுவே தீங்காகலாம். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர்களும், பித்தப்பையில் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை மருந்தாகக் கொள்ளக் கூடாது. சிறுநீரகத்தைக் காக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் குளிகையை, சிறுநீரகம் கெட்டவரே வாங்கி விழுங்குவதைப் போன்ற கொடுமை வேறில்லை. நீரிழிவுக்கு வைத்தியம் செய்துகொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கைப்புக் கீரையின் பெயர் பாரசீகத்தில் பிறந்து, அரபியில் வளர்ந்து, இலத்தீனில் புகுந்தது; அதன் தமக்கையின் பெயர் பாரசீகத்திலிருந்து வந்து, தமிழில் காசினியாகத் தங்கிவிட்டது. அவற்றைச் சுமந்து வந்தவர்கள் கண்ணால் கண்டதை எழுதினார்கள். பிறர் சொன்னதைப் பெயர் சுட்டிச் சொன்னார்கள். பொய்யென்று தெரிந்ததைப் பொய்யென்றே கூறினார்கள். கீரையோடு அந்த மூன்று குணங்களையும் நாம் பெற்றுக்கொண்டால்தான் மரபு முழுமையாக நம்மிடம் வந்ததாகும். வருகிற ஐப்பசியில் வீட்டுக்கு ஒரு தொட்டியில் காசினி விதைப்போம். விளைந்ததை நன்றாகக் கழுவி உண்போம்.